மறுப்புக்கு ஒரு மறுமொழி

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த பட்டாபிராம், இராணுவக் கிடங்குகளுக்கென்று தனி ரயில் கிளை பிரிந்து சென்ற ஊர் என்றும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்யப் போனவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய ஊர் என்றும் வெகுகாலம் அறியப்பட்டு வந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, சுமார் 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 மாடிகளோடு எழுந்த டைடல் பூங்கா இங்கே திறந்துவைக்கப்பட்டதுமுதல் ஊருக்கு வேறொரு முகமும் ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் கம்ப்யூட்டர் உத்தியோகம் அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே இந்தப் பிராந்தியத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது என்பதையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நம் பிள்ளைகள் சாயங்காலம் நுழைந்து விடியற்காலையில் கம்பெனி வண்டியில் வீடு திரும்புவதையும், அவர்களில் கணிசமானவர்கள் பார்க்கும் வேலைக்கு ‘மெடிக்கல் பில்லிங்’ என்று பெயர் என்பதையும் இங்கே வசிப்பவர்கள் யாவரும் அறிவார்கள். அந்த வேலையின் சாரம் இன்னதென்று விசாரித்து அறிந்த பெற்றோர்கள்தாம் சொற்பம்.

அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவருக்குச் செய்த சிகிச்சைக்கு உரிய தொகையை அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் கோரிக்கைக்குக் ‘கிளைம்’ என்று பெயர். அதைக் கம்பெனி கொடுக்க மறுத்தால் அதற்கு ‘டினையல்’ என்று பெயர். அந்த மறுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் மறுத்தாய், எந்த விதியின்படி மறுத்தாய், எதை அனுப்பினால் மறுபடி பரிசீலிப்பாய் என்று கேட்டு, கேட்டதைக் குறித்துவைத்து, வேண்டிய தஸ்தாவேஜுகளைச் சேர்த்து, கெடு தவறுவதற்குள் மேல்முறையீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவருக்கு ‘ஏ.ஆர். காலர்’ என்று பெயர். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணம் வந்து சேரவேண்டும் என்பதே இந்த வேலையின் நேரடியான நோக்கம் என்றாலும், மறுக்கப்பட்ட தொகையில் ஒரு பகுதியாவது நோயாளியின் தலையில் விழாமல் தடுக்கப்படுவதும் இதன் பலன்களில் ஒன்று. இப்படி அயல் தேசத்தார் பொருட்டு இரவெல்லாம் வாதாடத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டிலேயே, தகப்பனாருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கான கோரிக்கையை நம் ஊர்க் கம்பெனி நிராகரித்துக் கடிதம் அனுப்பும்போது, ‘கிளைம் ரிஜெக்ட் ஆகிவிட்டது’ என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். மறுப்பு வந்தால் மறுமொழி எழுதவேண்டும் என்பதும், மறுமொழி எழுதத் தக்கவிதமாக மறுப்பைத் தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டு என்பதும் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புபவை.

அந்த இரவு வேலையின் கிரமத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும். அமெரிக்கக் கம்பெனி ஒரு கிளைமை மறுக்கும்போது, மறுப்பின் காரணத்தை ஓர் எண்ணால் குறித்தே அனுப்பவேண்டும். அந்த எண்களின் பட்டியல் தேசம் முழுவதற்கும் ஒன்றுதான். 16 என்றால் கேட்ட தகவல் குறைவாக இருக்கிறது; 18 என்றால் ஒரே கிளைம் இரண்டாவது முறையாக வந்திருக்கிறது; 29 என்றால் அனுப்பவேண்டிய கெடு கடந்துவிட்டது; 50 என்றால் அந்தச் சிகிச்சை அவசியம் என்று கம்பெனி கருதவில்லை; 197 என்றால் முன்கூட்டி அனுமதி பெறவில்லை. எண்ணைக் கண்ட மாத்திரத்தில் அடுத்துச் செய்யவேண்டியது இன்னதென்று நம் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. 16க்கு விடுபட்ட தகவலைச் சேர்த்துத் திருத்திய கிளைம் போகவேண்டும். 29க்கு உரிய காலத்தில் அனுப்பியதற்கான அத்தாட்சி போகவேண்டும். 50க்கு வைத்தியருடைய குறிப்புகளும் பரிசோதனை முடிவுகளும் போகவேண்டும். பிறகு அவர் கம்பெனியை அழைக்கும்போது கேட்கும் கேள்விகளும் ஒழுங்காக வரிசைப்பட்டவை: கிளைம் உங்களுக்குக் கிடைத்த தேதி என்ன, மறுத்த தேதி என்ன, காரணம் என்ன, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம், எந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டும், பேசுகிற உங்கள் பெயர் என்ன, இந்த அழைப்புக்குரிய ரெஃபரன்ஸ் எண் என்ன? அந்தக் கடைசி எண்ணைக் குறிக்காமல் தொலைபேசியை வைத்துவிட்டால் மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார்; ஏனெனில் எண் இல்லாத பேச்சு நடக்காத பேச்சுக்குச் சமானம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

இதைச் சொல்வதால் அமெரிக்காவில் நோயாளிகள் சுகமாக இருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் மறுப்பை எதிர்த்துக் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யவும், பிறகு கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாரிடம் முறையிடவும் பாலிசிதாரருக்கு உரிமை கொடுத்தது. மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டிலோ மேல்முறையீட்டுக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், கே.எஃப்.எஃப். என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023ஆம் வருஷத்துக்குக் கணக்கிட்டுச் சொன்னபடி, மத்திய அரசின் சந்தை வழியே பாலிசி விற்ற கம்பெனிகள், தம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் வந்த கிளைம்களிலேயே 19 சதவீதத்தை மறுத்தன. மறுக்கப்பட்டவற்றில் பாலிசிதாரர்கள் மேல்முறையீடு செய்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்படிச் செய்தவற்றில் 56 சதவீதத்தில் கம்பெனிகள் தம் மறுப்பையே நிலைநிறுத்தின. மற்ற 44 சதவீதத்தில் மறுப்பு மாறியது. நூற்றில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதையும், கேட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜயித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மறுப்பின் பலம் பெரும்பாலும் கேட்பவருடைய மௌனத்தில் இருக்கிறது என்பது புலப்படும். ஆஸ்பத்திரிகள் சும்மா இருப்பதில்லை. அவை சமுத்திரத்துக்கு இப்பால் ஆட்களை அமர்த்தி, ஒவ்வொரு மறுப்பையும் துரத்திப் பிடிக்கின்றன. செலவு செய்தாலும் லாபம் வருகிறது என்பதால்தானே அம்பத்தூரிலும் பட்டாபிராமிலும் இந்தத் தொழில் வேர்விட்டிருக்கிறது?

இனி நம் தேசத்துக்கு வருவோம். அரசாங்கத்துக்குச் சொந்தமான நான்கு பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 1986ஆம் ஆண்டில் ‘மெடிகிளைம்’ என்ற பெயரால் தொடங்கிய ஏற்பாடு இன்று பல கம்பெனிகளின் பெரிய வியாபாரமாக விரிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின்மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருப்பதால் இனியும் விரியும். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2023-24ஆம் வருஷத்துக்கு வெளியிட்ட அறிக்கையின்படி, கம்பெனிகளின் முன்னால் நின்ற மருத்துவக் கோரிக்கைகளின் மதிப்பு சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். அதில் 83,493 கோடி கொடுக்கப்பட்டது. பாலிசி நிபந்தனைகளைக் காட்டி அனுமதிக்காமல் விடப்பட்டது சுமார் 15,100 கோடி. அடியோடு நிராகரிக்கப்பட்டது சுமார் 10,937 கோடி. இந்த இரண்டு கடைசித் தொகைகளும் முழுவதும் அநியாயமாக மறுக்கப்பட்டவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் எவ்வளவு நியாயமானது, எவ்வளவு கேட்பாரற்றுப் போனது என்பது, மறுக்கப்பட்டவர்கள் மறுமொழி எழுதினால் ஒழியத் தெரியப்போவதில்லை.

மறுப்புகள் எல்லாம் ஒரேவிதமானவையும் அல்ல; முழுமறுப்பு கண்ணில் படும், அரைகுறை மறுப்பு கண்ணில் படாமல் கையைக் கடிக்கும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருடைய பாலிசி மூன்று லட்ச ரூபாய்க்கு எடுத்தது. அறை வாடகை நாளொன்றுக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்க்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. ஆஸ்பத்திரியில் அந்த வாடகைக்கு அறை இல்லை என்று சொல்லி 6,000 ரூபாய் அறையில் சேர்த்துவிடுகிறார்கள். அறை வாடகை நீங்கலாகப் பில் 1,50,000 ரூபாய் வருகிறது. அறையை இரு மடங்கு உயர்வாக எடுத்துக்கொண்டபடியால் பில்லிலும் பாதிதான் கொடுப்போம் என்று கணக்கிட்டு, கம்பெனியின் சார்பில் கிளைம்களைப் பார்க்கும் டி.பி.ஏ. 75,000 ரூபாயை அனுமதிக்கிறது. வீட்டார், ஏதோ இவ்வளவாவது வந்ததே என்று கையெழுத்துப் போட்டு மீதியைக் கட்டி நோயாளியை அழைத்து வருகிறார்கள். ஆனால் ஒழுங்குமுறை ஆணையம் 2020ஆம் ஆண்டில் பிறப்பித்த கட்டளைப்படி, இந்த விகிதாசாரக் கழிவை மருந்துக்கும், உடம்பில் பொருத்தும் சாதனங்களுக்கும், பரிசோதனைகளுக்கும் செய்யக்கூடாது, ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் செய்யக்கூடாது. மேற்படி பில்லில் மருந்தும் சாதனமும் பரிசோதனையும் சேர்ந்து 70,000 ரூபாய் என்றால், அதில் பாதியாகிய 35,000 ரூபாய் கழிக்கப்பட்டது தவறு. டிஸ்சார்ஜ் நாளன்று, பில் கவுன்டரின் முன்னால் சாவகாசமாக நின்று இதைக் கணக்குப் பார்க்கும் மனநிலை யாருக்கு இருக்கும்? ஆகையால் அந்த 35,000 ரூபாய் எழுத்தால் மட்டுமே, அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாக எழுதும் கடிதத்தால் மட்டுமே, திரும்பி வரும்.

இரண்டாவது உதாரணம், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு நம் புறநகர்களில் வழக்கமாகிவிட்ட டெங்குக் காய்ச்சல். நான்கு நாள் காய்ச்சலில் துவண்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினமும் இரத்தத் தட்டணுக்களை எண்ணி, சலைன் ஏற்றி அனுப்பிய பிறகு, ‘நாடியும் இரத்த அழுத்தமும் சீராகவே இருந்தபடியால் வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம், ஆஸ்பத்திரியில் தங்கியது பரிசோதனைக்காகவே’ என்று கம்பெனி நிராகரிக்கிறது. அம்பத்தூரில் உட்கார்ந்து 50ஆம் எண் மறுப்பைப் பார்த்தவருக்கு இது பழகிய முகம்தான். அவசியமில்லை என்று சொல்கிறவருக்கு அவசியத்தைக் காட்டவேண்டும். சேர்க்கச் சொன்ன வைத்தியரின் குறிப்பு, நாள்தோறும் எண்ணிய தட்டணுக் கணக்கு, நர்ஸ் எழுதிய உஷ்ண அட்டவணை, ஏன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று வைத்தியர் ஒரு பக்கத்தில் எழுதித் தரும் சான்று ஆகிய நான்கும் இருந்தால் பதில் தயார். இவை ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, கேட்டால் கொடுக்கவேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைக் கொடுக்கவேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதே நம் ஜனங்களின் வழக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் வழக்கை ஜயிக்கத் தக்க சங்கதி பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டம் நமக்கு விரோதமாக இருக்கிறது என்ற எண்ணமும் ஜனங்களிடையே பரவியிருக்கிறது, அது சரியன்று. அமெரிக்காவில் மறுப்புக்கு எண் இருப்பதுபோல, இங்கேயும் பாலிசியில் விலக்கப்பட்டவற்றுக்குப் பொதுவான எண்களை 2019ஆம் ஆண்டிலேயே ஆணையம் வகுத்திருக்கிறது. விலக்கு 01 என்றால் பாலிசி எடுக்குமுன்பே இருந்த வியாதி; 02 என்றால் குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம்; 03 என்றால் முதல் முப்பது நாள்; 04 என்றால் வெறும் பரிசோதனைக்காகத் தங்கியது; இப்படிப் பதினெட்டு வரை போகின்றன. எந்தக் கம்பெனியின் பாலிசியானாலும் இவை ஒன்றே. 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி பிறப்பித்த சுற்றறிக்கையோ இன்னும் மேலே சென்று, கம்பெனிக்குள் அமைத்த மூவர் குழுவோ அதற்கு மேற்பட்ட குழுவோ சம்மதிக்காமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது என்றும், நிராகரித்தாலும் பகுதியாக மறுத்தாலும் பாலிசியின் இன்ன நிபந்தனையின்படி என்று குறிப்பிட்டே தெரிவிக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது. கேஷ்லெஸ் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதி கேட்டால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்லவேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும் கட்டணத்தைக் கம்பெனி தன் பங்குதாரர்களின் நிதியிலிருந்து கொடுக்கவேண்டும். முன்பே இருந்த வியாதிக்கான காத்திருப்புக் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து வருஷம் இடைவிடாமல் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, வியாதியை மறைத்தாய் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கவும் முடியாது.

நியாயஸ்தலங்களும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. மன்மோகன் நந்தா என்பவர் 2009ஆம் ஆண்டில் அமெரிக்கா செல்லுமுன் யுனைடெட் இந்தியா கம்பெனியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அரசாங்கக் கம்பெனியில், வெளிநாட்டுப் பிரயாண மருத்துவ பாலிசி எடுத்தார். தமக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதையும் தெரிவித்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கியதும் மாரடைப்பு ஏற்பட்டு ஸ்டென்டுகள் வைக்க நேர்ந்தது. அவர் முன்பே உட்கொண்டுவந்த மருந்து ஒன்றைக் காரணம் காட்டி, உண்மையை மறைத்தார் என்று கம்பெனி மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2021 டிசம்பர் 6ஆம் தேதி அவருக்கு அனுகூலமாகத் தீர்ந்தது. விண்ணப்பதாரரின் உடல்நிலையை மதிப்பிட்ட பிறகு பாலிசியைக் கொடுத்துவிட்டு, அவர் முன்பே தெரிவித்த அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மகாகாளி சுஜாதா தொடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கில் 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம், மறைத்தார் என்று சொல்லும் கம்பெனிதான் அதை நிரூபிக்கவேண்டும் என்று கூறியது. ஆவடியையும் பட்டாபிராமையும் சுற்றி நிறைந்திருக்கும் மத்திய அரசாங்க ஓய்வூதியர்களுக்கு இன்னொரு தீர்ப்பு முக்கியமானது: சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரல் 13ஆம் தேதி, ஆஸ்பத்திரியின் பெயர் அரசாங்கப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஓய்வுபெற்றவரின் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையாக நடந்ததா என்பதையே பார்க்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரத்தில் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடிய முதியவர்கள் இதைத் தம் மனுவில் எடுத்துக் காட்டலாம்.

ஆனால் தீர்ப்புகள் வழக்குத் தொடுத்தவர்களுக்குத்தானே கிடைக்கின்றன, அவ்வளவு தூரம் போக நமக்கு ஏது பணமும் அவகாசமும் என்று கேட்பவர்களுக்காகவே நடுவழி ஒன்று இருக்கிறது. முதற்படி, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுவது. அதை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தின் வழியாகவும் செய்யலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலும், அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வேண்டியதில்லை என்பது மட்டுமன்று, வக்கீல் வந்து வாதாட அனுமதியும் இல்லை. ஐம்பது லட்ச ரூபாய் வரையுள்ள பிராதுகளை அங்கே விசாரிக்கிறார்கள். பிள்ளையின் கம்பெனி எடுத்துக்கொடுத்த குரூப் பாலிசியில் தாய் தகப்பனார் சேர்க்கப்பட்டிருந்தாலும் பிராது கொடுக்கலாம். தீர்ப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும்; முப்பது நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் முறையிட்டவருக்குக் கம்பெனி கொடுக்கவேண்டும் என்பது 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் கட்டளை. தீர்ப்பு நமக்குச் சம்மதமில்லாவிட்டால் அதற்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. பட்டாபிராம்வாசிகளுக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. வழக்குக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்; கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை அங்கேயும் கட்டணம் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்காமல் விடுவது தர்மமாகாது. இன்ஷூரன்ஸ் என்பது பலர் சேர்த்த பணத்தைச் சிலருடைய ஆபத்துக்குக் கொடுப்பது. பொய்க் கோரிக்கைக்குக் கொடுத்தால், நேர்மையாகப் பிரீமியம் கட்டுகிறவன்தான் அடுத்த வருஷம் கூடுதலாகக் கட்டவேண்டும். பாலிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பில் எழுதும் ஆஸ்பத்திரிகள் உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பத்து வருஷமாக இருந்தும் ஒன்றுமில்லை என்று விண்ணப்பத்தில் எழுதும் மனிதர்கள் உண்டு. எழுதாமல் இருந்தால்தான் பாலிசி சுலபமாகக் கிடைக்கும் என்று யோசனை சொல்லி, விண்ணப்பத்தைத் தாமே பூர்த்தி செய்து, கையெழுத்தை மட்டும் வாங்கிச் செல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. இவற்றைத் தடுக்கக் கம்பெனிகள் ஜாக்கிரதையாக இருப்பது அவசியம்தான். ஆனால் ஜாக்கிரதைக்கும் மௌனத்துக்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் உள்ள கம்பெனி தன் சந்தேகத்தை விவரமாக எழுதட்டும். எந்தப் பதிவேட்டில், எந்தத் தேதியில், எந்த வைத்தியர் எழுதியதைக் கண்டு சந்தேகப்பட்டது என்று சொல்லட்டும். நேர்மையானவர் அதற்குப் பதில் சொல்வார். பொய் சொன்னவர் சொல்லத் திணறுவார். விவரமற்ற மறுப்பு இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது என்பதே அதன் பெருங்குற்றம். பாலிசிதாரரும் தம் பங்குக்கு, விண்ணப்பத்தைத் தாமே படித்து, உள்ள வியாதியை உள்ளபடி எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளவேண்டும். நந்தா உச்சநீதிமன்றத்தில் ஜயித்தது, சர்க்கரை வியாதியை அவர் மறைக்காமல் சொல்லியிருந்ததால்தான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே கேட்கவேண்டியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, மறுப்புக் கடிதம் ஒரு பக்கத்தில், பாலிசிதாரர் விரும்பினால் தமிழில், விலக்கின் எண், பாலிசி நிபந்தனையின் வாசகம், அதற்கு ஆதாரமாகக் கொண்ட பதிவேடு, மறுமொழிக்கான கெடு, ஆம்புட்ஸ்மனின் விலாசம் ஆகிய ஐந்தையும் கட்டாயம் கொண்டிருக்கவேண்டும். 2024 ஜனவரி முதல் பாலிசியின் சுருக்க விவரத் தாளைக் கேட்பவருக்கு அவர் பாஷையில் கொடுக்கவேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டிருக்கும்போது, பாலிசியைத் தமிழில் விளக்கத் தெரிந்த கம்பெனி மறுப்பை மட்டும் ஏன் இங்கிலீஷில் சொல்லவேண்டும்? இரண்டாவது, ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்குகள் கேஷ்லெஸ் அனுமதி வாங்குவதோடு தம் கடமை தீர்ந்ததாக எண்ணாமல், மறுப்பு வந்தால் நோயாளிக்குப் பதிவேடுகளின் பிரதியையும் வைத்தியரின் சான்றையும் கேளாமலே கொடுத்து அனுப்பவேண்டும். தம்மிடம் சிகிச்சை பெற்றவர் அவசியமின்றித் தங்கினார் என்று பிறர் சொல்வது வைத்தியரின் தீர்மானத்தின் மேலேயே சொல்லப்படும் குறை அல்லவா?

மூன்றாவதை அரசாங்கத்திடமும் கம்பெனியிடமும் கேட்கவேண்டியதில்லை. நம் பிள்ளைகளிடம் கேட்கவேண்டும். மறுப்பைப் படிக்கவும், காரணத்தைப் பிரிக்கவும், கெடுவைக் கணக்கிடவும், மேல்முறையீடு எழுதவும் பழகிய கைகள் இந்தப் பிராந்தியத்தில் இருக்கும் அளவுக்கு இந்தியாவில் வேறு ஊர்களில் இருப்பது அரிது. வாரக் கடைசியில் ஒரு நாள், மாதத்துக்கு இரண்டு மணி நேரம், பட்டாபிராமில் ஒரு கல்லூரி அறையிலோ குடியிருப்போர் சங்கத்துக் கூடத்திலோ உட்கார்ந்து, வருகிறவர்களின் மறுப்புக் கடிதங்களைப் படித்து, மறுமொழி எழுதிக் கொடுக்க நாலு பேர் முன்வந்தால் போதும். இதற்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். அவர்கள் அன்றாடம் கேட்கும் கேள்விகளையே தமிழில் கேட்டால் காரியம் ஆகிவிடும்: என்று மறுத்தாய், எந்த விலக்கின்படி மறுத்தாய், எதைக் கொண்டு மறுத்தாய், யாரிடம் முறையிட வேண்டும்?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பீரோவில் பழைய மறுப்புக் கடிதம் ஏதேனும் இருந்தால் இன்றே எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். கம்பெனிக்கு இதுவரை எழுதவில்லை என்றால் இந்த வாரமே எழுதுங்கள்; எழுதியும் பதில் இல்லாமல் ஒரு மாதம் கடந்திருந்தால் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதுங்கள். கடிதத்தின் பிரதியையும், அனுப்பியதற்கான ரசீதையும், தொலைபேசியில் பேசினால் பேசியவர் பெயரையும் அழைப்பின் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஜயிப்பதில்லை. எழுதாதவர்களில் ஒருவரும் ஜயித்ததில்லை.